வெளிச்சத்தைக் கடன் கேட்பது: ஆங்கில அன்றாடத் தொடர்கள் சீனத்துக்குச் சென்ற கதை

மொழிபெயர்ப்புத் தாள் கற்பிக்கும் நமக்கு ஆண்டுதோறும் ஒரு சடங்கு உண்டு. முதல் வகுப்பில் கரும்பலகையில் 'எக்ஸ்கியூஸ் மீ' என்று எழுதி, இதைத் தமிழாக்குக என்போம். முக்கால்வாசிப் பேர் 'என்னை மன்னியுங்கள்' என்று எழுதுவர். நகரப் பேருந்தில் படியை அடைத்துக்கொண்டு நிற்பவரிடம் இப்படித்தான் சொல்வீர்களா என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும். 'கொஞ்சம் வழி விடுங்க' என்று யாரேனும் ஒருவர் முணுமுணுப்பார். அதுவே அன்றைய பாடம். அகராதி சொல்லுக்குச் சொல் தரும். வாழ்க்கை சந்தர்ப்பத்துக்குச் சொல் தரும்.

இதே தொடரைச் சீனத்துக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? முன்பின் அறியாதவரிடம் ஓர் உதவி கேட்கும்போது அது 'லாவ் ஜியா' ஆகும். தங்களுக்குச் சிரமம் தருகிறேன் என்பது பொருள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போகும்போது 'ஜியே குவாங்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால், வெளிச்சத்தைக் கடன் கொடுங்கள் என்று ஆகும். வேலையாக இருப்பவரை இடைமறித்தால் 'தா ராவ்', தொந்தரவு செய்கிறேன். காலை மிதித்துவிட்டாலோ 'துய் பூ ச்சி', உங்களை நேர்நின்று பார்க்க இயலாதவன் ஆனேன். ஆங்கிலத்தின் ஒரு சொற்றொடர் சீனத்துக்குள் நுழைந்ததும் நான்கு தெருக்களாகப் பிரிந்து போகிறது. எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதை அகராதி சொல்லாது. எதிரே நிற்கும் ஆள்தான் சொல்வார்.

இவையெல்லாம் சிறு விஷயங்கள் என்று தோன்றலாம். ஆனால் ஆங்கிலமும் சீனமும் ஒன்றையொன்று சந்தித்த இருநூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், மொழி கடத்தும் வேலையில் சிறு விஷயம் என்று ஒன்று இருந்ததில்லை என்பது புலப்படும்.

*

1757ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியருடனான கடல் வாணிகத்தைச் சிங் பேரரசு காண்டன் என்னும் ஒரே துறைமுகத்துக்குள் அடக்கியது. அங்கே வந்த ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியாருள் ஜேம்ஸ் ஃப்ளின்ட் என்பவர் சீனம் கற்றவர். அக்காலத்தில் அது அபூர்வம். காண்டன் அதிகாரிகளின் மீது குறைகூறும் மனு ஒன்றை எடுத்துக்கொண்டு 1759இல் அவர் வடக்கே தியென்ஜின் வரை கப்பலேறிச் சென்றார். மனு பேரரசர் சியென்லுங்கை எட்டியது. விசாரணை நடந்தது. விதிமீறிய ஃப்ளின்ட் மக்காவில் மூன்றாண்டு சிறைவைக்கப்பட்டுப் பின் நாடுகடத்தப்பட்டார். மனுவைச் சீனத்தில் எழுத உதவிய லியூ யா-பியென் என்ற சீனர் தலையிழந்தார்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் புதுச்சேரியில், பிரெஞ்சுக்காரரிடம் துபாஷியாக இருந்து செல்வமும் செல்வாக்கும் சேர்த்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு கடற்கரையில் இருமொழி அறிந்தவனுக்குப் பல்லக்கு. மற்றொரு கடற்கரையில் கொலைக்களம். மொழி அறிவு எங்கே பாலமாகவும் எங்கே துரோகமாகவும் பார்க்கப்படுகிறது என்பதை அரசியலே முடிவு செய்கிறது.

அந்த அச்சம் நெடுநாள் நீங்கவில்லை. 1793இல் மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு பீகிங் சென்றபோது, குழுவின் மொழிபெயர்ப்பாளர் நேப்பிள்ஸ் நகரில் பயின்ற சீனக் கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவர். அவருக்கு இலத்தீனும் இத்தாலியமும் தெரியும், ஆங்கிலம் தெரியாது. ஆகவே ஆங்கிலத்தில் எழுந்த எண்ணம் இலத்தீனில் குளித்துச் சீனத்தில் கரையேற வேண்டியிருந்தது. சீன ஆவணங்களைப் படியெடுக்க உள்ளூர் எழுத்தர்கள் அஞ்சினார்கள். தங்கள் கையெழுத்து அடையாளம் காணப்படலாம் அல்லவா? அந்த வேலை குழுவோடு வந்திருந்த ஸ்டான்டன் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தலையில் விழுந்தது. கப்பற்பயணத்தில் அவன் சீனம் பயின்றிருந்தான். பேரரசர் முன்னிலையில் அவன் சில சீனச் சொற்களைப் பேச, மகிழ்ந்த சியென்லுங் தம் இடையில் அணிந்திருந்த சுருக்குப்பையை எடுத்துக் கொடுத்தார். இரு பேரரசுகள் தம்முள் உருப்படியாக எதையும் பேசிக்கொள்ளாத அந்தச் சந்திப்பில், பிசகின்றிச் சென்று சேர்ந்தது ஒரு சிறுவனின் உபசாரச் சொற்கள் மட்டும்தானோ என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அந்தச் சிறுவனே வளர்ந்து 1810இல் சிங் சட்டத்தொகுப்பை ஆங்கிலத்தில் பெயர்த்த ஜார்ஜ் தாமஸ் ஸ்டான்டன்.

*

1807இல் ராபர்ட் மோரிசன் என்ற சீர்திருத்தச் சபைப் பாதிரியார் காண்டன் வந்து சேர்ந்தார். கும்பினிக் கப்பல்கள் பாதிரிமாரை ஏற்றிவரத் தயங்கியதால் அமெரிக்கா வழியாகச் சுற்றி வந்தவர் அவர். அந்நியருக்குச் சீனம் கற்பிப்பது குற்றமாகக் கருதப்பட்ட காலம். அவருடைய ஆசிரியர்களுள் ஒருவர், பிடிபட்டால் சித்திரவதைக்கு முன்பே உயிரை விட்டுவிடலாம் என்று நஞ்சைக் கையோடு வைத்திருந்தார் என்று சொல்லப்படுவதுண்டு. இந்தச் சூழலில்தான் மோரிசன் தம் பேரகராதியைத் தொகுத்தார். கும்பினியின் செலவில் மக்காவில் அது 1815 முதல் 1823 வரை பகுதி பகுதியாக அச்சேறியது. மூன்று பகுதிகளுள் ஆங்கிலத்திலிருந்து சீனத்துக்குச் செல்லும் பகுதி 1822இல் வெளிவந்தது.

அகராதி தொகுப்பவனுக்கு 'மகன்', 'வீடு', 'பெயர்' போன்ற சொற்கள் எளியவை என்று நாம் நினைப்போம். பழைய சீன நாகரிகத்திலோ அவையே கடினமானவை. உங்கள் பெயர் என்ன என்று கேட்பவர், தங்கள் மாண்புமிகு குடிப்பெயர் யாது என்று கேட்பார். விடை சொல்பவர், என் இழிந்த குடிப்பெயர் இன்னது என்பார். தன் வீடு 'குளிர்ந்த குடில்'; தன் மனைவி 'உள்ளிருப்பவள்'; தன் மகன் 'ச்சுவான் ஜி', அதாவது நாய் மகன். இறைவன் முன் 'நாயேன்' என்று நின்ற அடியார் மரபை அறிந்த நமக்கு இது வியப்பாக இராது. ஆனால் 'மை ஸன்' என்று சாதாரணமாகச் சொல்லிப் பழகிய ஆங்கில மாலுமிக்கு, தன் பிள்ளையை நாயென்று சொன்னால்தான் மரியாதை என்று எப்படிப் புரியவைப்பது? எதிரே நிற்பவரின் பிள்ளையை அப்படிச் சொல்லிவிட்டால் வரும் விபரீதம் வேறு.

*

கற்றவர்கள் அகராதி தொகுத்துக்கொண்டிருக்க, காண்டன் கடைத்தெரு தனக்கென்று ஒரு வழி கண்டது. கடைக்காரர்களும் வீட்டு வேலையாட்களும் இரண்டு காசுக்கு ஒரு சிறு புத்தகம் வாங்கினார்கள். அமெரிக்க வணிகர் வில்லியம் ஹன்டர் தம் முதுமையில், 1882இல், எழுதிய நினைவு நூலில் அதை வருணித்திருக்கிறார். புத்தகத்தின் பெயர் 'பேய்ப் பேச்சு'. அட்டையில் முக்கோணத் தொப்பியும் கைத்தடியுமாக ஒரு வெள்ளைக்காரர். உள்ளே சீனச் சொல். அதனருகில் அதன் ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் அன்று, ஒலி ஒத்துவரும் வேறு சீன எழுத்தில். மனிதனைக் குறிக்கும் 'யன்' என்ற எழுத்தின் பக்கத்தில், 'மன்' என்று ஒலிக்கும் எழுத்து. படிப்பவருக்கு ரோமன் எழுத்து ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

இப்படிக் கற்ற ஆங்கிலந்தான் 'பிட்ஜின்'. 'பிசினஸ்' என்ற சொல் காண்டன் நாவில் திரிந்ததே அப்பெயர் என்பர். சீன இலக்கண எலும்பின்மேல் ஆங்கிலச் சொற்களைப் போர்த்திய மொழி அது. சீனத்தில் எண்ணுக்கும் பெயருக்கும் இடையே ஓர் அளவைச்சொல் வந்தாக வேண்டும். எனவே 'ஒன் மேன்' என்பது 'ஒன் பீஸீ மேன்' ஆயிற்று. 'நோ கேன் டூ', 'லுக் ஸீ' போன்ற தொடர்கள் அங்கிருந்து திரும்பி வந்து ஆங்கிலத்திலேயே குடியேறிவிட்டன.

இந்தச் சந்தையில் நம் பக்கத்துச் சரக்கும் உண்டு. சீன அதிகாரியைக் குறிக்கும் 'மாண்டரின்' என்ற சொல், 'மந்திரி' மலாய் வழியாகப் போர்த்துக்கீசியர் வாய்க்குப் போய்த் திரிந்தது. 'கூலி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்க் கூலியே மூலம் என்பார் பலர். குஜராத்தின் கோலி இனப்பெயர் என்பாரும் உளர். அச்சொல்லைச் சீனர் 'கூ லி' என்று இரண்டு எழுத்தில் எழுதினர். முதல் எழுத்துக்குக் கசப்பு என்று பொருள், இரண்டாவதற்கு வலிமை. கசந்த உழைப்பு. ஒலியைப் பிடிக்கப் போன கை பொருளையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது. நாடு கடந்து கரும்புக் காட்டிலும் இருப்புப் பாதையிலும் மடிந்த இலட்சக்கணக்கான மக்களின் வரலாற்றை இரண்டு எழுத்தில் எழுதச் சொன்னால் இதைவிட நன்றாக எழுத முடியுமா?

கடைத்தெரு ஆங்கிலத்தின் போதாமையை உணர்ந்தவர் தாங் திங்-ஷூ. மோரிசன் நினைவாக ஏற்பட்ட பள்ளியில் ஆங்கிலம் கற்று, பிற்காலத்தில் ஜார்டின் மாதிசன் கும்பினியின் 'கம்ப்ரடோர்' ஆனவர். நம்மூர்ச் சொல்லில் துபாஷி. 1862இல் அவர் வெளியிட்ட ஆறு தொகுதி நூல், சீனர் ஒருவரே சீனருக்காகத் தொகுத்த தொடக்ககால ஆங்கிலக் கற்பான்களுள் தலைசிறந்தது. காண்டன் ஒலிப்பில் திருத்தமான ஆங்கிலத்தைத் தந்த அவர், ஆங்காங்கே பிட்ஜின் வடிவத்தையும் குறித்துவைத்தார். அதே 1862இல்தான் பீகிங்கில் மொழிபெயர்ப்பாளரை உருவாக்க 'துங்வென் குவான்' என்ற அரசுப் பள்ளி தோன்றியது. தலைவெட்டிய அரசு, நூறாண்டு கழித்துப் பள்ளி திறந்தது.

*

இடையில் நடந்தது இரண்டு போர். அவற்றின் காரணங்கள் அபினும் வெள்ளியும் வாணிகமும். ஆயினும் பகையை வளர்த்ததில் ஒரு சொல்லுக்கும் பங்குண்டு. வெளிநாட்டாரைச் சீன அதிகாரிகள் 'யி' என்று எழுதினர். இதற்கு 'அந்நியர்' என்றும் பொருள் கொள்ளலாம். 'காட்டுமிராண்டி' என்றும் கொள்ளலாம். 1832இல் ஷாங்காய்க்குக் கப்பலில் சென்ற லின்ட்சே என்ற கும்பினி அலுவலர், இச்சொல் எம்மை இழிவுசெய்கிறது என்று வாதிட்டார். இதில் இழிவில்லை என்றது சீனத் தரப்பு. மென்சியஸ் நூலில் ஷுன் என்னும் புனித அரசரே கிழக்கத்திய 'யி' என்றுதானே சுட்டப்படுகிறார்! யவனர், மிலேச்சர், பரங்கி என்ற நம் சொற்களையும் இப்படி இரண்டு பக்கமும் வாதாட முடியும். நூலில் ஒரு பொருள், தெருவில் ஒரு பொருள்.

வாதத்தைப் பீரங்கி தீர்த்துவைத்தது. 1858ஆம் ஆண்டுத் தியென்ஜின் உடன்படிக்கையின் 51ஆம் பிரிவு, பிரிட்டிஷ் அரசையோ குடிமக்களையோ குறிக்கச் சீன அரசு ஆவணங்களில் அந்த எழுத்தைப் பயன்படுத்தலாகாது என்று விதித்தது. அதற்கு முந்தைய பிரிவு, ஆங்கில வாசகமும் சீன வாசகமும் முரண்பட்டால் ஆங்கிலமே செல்லும் என்றது. ஒரு மொழியின் ஓர் எழுத்தை மற்றொரு நாடு உடன்படிக்கை போட்டுத் தடைசெய்த இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் நாம் சற்றே நின்றுவிடுகிறோம். 'யி' என்றால் காட்டுமிராண்டி என்பது அந்தக் கணத்தில் மொழிபெயர்ப்பாக இல்லாமல் சட்டமாக ஆகிவிட்டது.

*

இருபதாம் நூற்றாண்டில் சிக்கல் அரண்மனையிலிருந்து வீட்டுக்குள் வந்தது. பேச்சுமொழியிலேயே எழுத வேண்டும் என்ற இயக்கம் 1917க்குப் பின் வேகம் பெற்றபோது, ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான சொற்களே பெயர்ப்பாளர்களைத் தடுக்கிவிழச் செய்தன. 'ஹீ', 'ஷீ', 'இட்' மூன்றுக்கும் சீனப் பேச்சில் ஒரே ஒலி, 'தா'. எழுத்தும் ஒன்றாகவே இருந்தது. லியூ பான்-நுங் என்ற கவிஞர் 'அவள்' என்பதற்கு, பெண்ணைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்துத் தனி எழுத்து வேண்டும் என்று 1920இல் வாதிட்டார். எதிர்ப்பும் இருந்தது, வேறொரு சொல்லை முன்மொழிந்தவரும் இருந்தனர். லியூவின் எழுத்தே நின்றது. இன்றும் காதுக்கு அவனும் அவளும் ஒன்றுதான். கண்ணுக்கு மட்டும் வேறு.

அந்தப் புதிய எழுத்தைச் சோதித்துப் பார்த்தவர் மொழியியல் அறிஞர் ஜாவ் யுவென்-ரென். 'ஆலிஸின் அற்புத உலகம்' நூலை 1922இல் அவர் பேச்சுச் சீனத்தில் பெயர்த்தார். அந்நூலின் கடைசி அத்தியாயத்தில், யார் எவரென்று தெரியாதபடி அவன், அவள், அது என்று சுட்டுப்பெயர்களாலேயே பின்னிய ஒரு வேடிக்கைப் பாட்டு வருகிறது. மூன்று 'தா'வுக்கும் வேறுவேறு எழுத்து இல்லாவிடில் அப்பாட்டைப் பெயர்க்கவே இயலாது என்பது அவர் முன்னுரையில் கூறும் காரணங்களுள் ஒன்று. சிறுவர் கதை ஒன்று ஒரு பெருமொழியின் சுட்டுப்பெயருக்கு உரைகல்லாயிற்று.

*

நம்மைப் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி இனிமேல் வருவது. ஜாவ் ஜிங்-ஷென் என்பவர் செகாவின் 'வான்கா' கதையை ஆங்கிலம் வழியாக 1922இல் சீனமாக்கினார். ஆங்கிலத்தில் 'மில்கி வே' என்றிருந்ததை அவர் 'நியூ நாய் லூ' என்று பெயர்த்தார், பசும்பால் பாதை. சீனருக்கோ அது காலங்காலமாக விண்ணாறு, வெள்ளியாறு. ஒன்பது ஆண்டு கழித்து, 1931இல், லூ ஷுன் இதை எடுத்து வைத்துக் கிழித்துத் தொங்கவிட்டார். 'பால் பாதை' என்பது மொழிபெயர்ப்புத் தவறுக்கே மறுபெயராகி, மாணவர்கள் சிரிக்கும் உதாரணமாகப் பாடநூல் தோறும் நின்றது.

வேடிக்கை என்னவெனில், நடை இயல்பாக ஓடுவதே முதன்மை, மூலத்துக்கு உண்மையாக இருப்பது அதற்கடுத்தது என்று வாதிட்டவர் ஜாவ். சொல்லுக்குச் சொல் கடினமாகப் பெயர்த்தாலும் தவறில்லை, நம் மொழி புதிய அமைப்புகளைக் கற்கட்டும் என்று வாதிட்டவர் லூ ஷுன். சொற்பெயர்ப்பு கூடாதென்றவர் சொற்பெயர்ப்பில் சறுக்கினார். சொற்பெயர்ப்பே வேண்டுமென்றவர் அதைப் பார்த்துச் சிரித்தார். பிற்காலத் திறனாய்வாளர் சிலர் ஜாவின் பக்கம் நியாயம் இருப்பதைச் சுட்டினர். கிரேக்கப் புராணத்தில் ஹீரா தேவியின் மார்பிலிருந்து சிந்திய பாலே அந்த வெண்பட்டை. அது ஆறே அன்று, பாதைதான். விண்ணாறு என்று பெயர்த்தால் சீன வாசகருக்கு வானம் தெரியும். கிரேக்கரின் வானம் தெரியாது.

நம் தமிழில் இதே வானத்துக்கு 'ஆகாய கங்கை' என்ற பெயர் இருந்தது. ஆங்கிலத்தைப் பார்த்துப் 'பால்வீதி' என்றோம், 'பால்வெளி' என்றோம். யாரும் சிரிக்கவில்லை. இன்று அறிவியல் பாடநூலிலும் கவிதையிலும் அதுவே வழங்குகிறது. சீனத்தில் நகைப்புக்கு இடமானது தமிழில் அழகாகிவிட்டது. முதல் வகுப்பில் சொல்லுக்குச் சொல் பெயர்க்காதே என்று சிவப்பு மையால் கோடிடும் நம் கை, இந்தக் கதையை அறிந்தபின் சற்றுத் தயங்கத்தான் செய்கிறது.

*

இவையெல்லாம் பழைய கதை என்று மூடிவைக்க முடியாது. 2001 ஏப்ரல் 1 அன்று, தென்சீனக் கடலின்மேல் அமெரிக்க உளவு விமானம் ஒன்றும் சீனப் போர்விமானம் ஒன்றும் மோதிக்கொண்டன. சீன விமானி வாங் வெய் மாண்டார். அமெரிக்க விமானம் அனுமதியின்றி ஹைனான் தீவில் இறங்க, அதிலிருந்த 24 பேர் பிடித்துவைக்கப்பட்டனர். சீனம் கேட்டது 'தாவ் ச்சியென்', முறையான மன்னிப்பு. தவறிழைக்காதபோது மன்னிப்பு எதற்கு என்றது அமெரிக்கா. முட்டுக்கட்டை பதினொரு நாள் நீடித்தது.

ஏப்ரல் 11 அன்று அமெரிக்கத் தூதர் கையளித்த ஆங்கிலக் கடிதத்தில் 'வெரி ஸாரி' என்ற தொடர் இரண்டு இடத்தில் வந்தது. ஒன்று விமானியின் மறைவுக்கு, மற்றொன்று அனுமதியின்றி நுழைந்து இறங்கியதற்கு. துக்க வீட்டிலும் சொல்வதற்குரியது ஆங்கில 'ஸாரி', காலை மிதித்தாலும் சொல்வதற்குரியது. சீனத் தரப்பு அதை 'ஷென் பியாவ் ச்சியென் யி' என்று தம் மக்களுக்கு அறிவித்தது. தவறுணர்ந்த ஆழ்ந்த வருத்தம் என்ற தொனி அதில் உண்டு. கேட்ட சொல்லின் பாதி, 'ச்சியென்', அதற்குள் இருந்தது. நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை என்று வாஷிங்டன் சொல்ல முடிந்தது. அவர்கள் கேட்டார்கள் என்று பீகிங் சொல்ல முடிந்தது. 24 பேரும் வீடு திரும்பினர்.

பிழையற்ற ஒரே மொழிபெயர்ப்பு அன்று இருந்திருந்தால் அவர்கள் இன்னும் பல நாள் அங்கேயே இருந்திருக்கக்கூடும். 'யி' என்ற சொல்லின் இரண்டு பொருளுள் கசப்பானதை மட்டும் தேர்ந்தது 1858. 'ஸாரி' என்ற சொல்லின் இரண்டு பொருளையும் இரு கரையிலும் உயிரோடு விட்டுவைத்தது 2001. சொற்களின் ஈரடியான தன்மை போருக்கும் உதவும், அமைதிக்கும் உதவும். கையாள்பவரின் மனமே அதைத் தீர்மானிக்கிறது.

அடுத்த ஆண்டும் முதல் வகுப்பில் கரும்பலகையில் 'எக்ஸ்கியூஸ் மீ' என்றே எழுதுவோம். ஆனால் மாணவர் சிரித்து முடித்தபின் லியூ யா-பியெனின் பெயரையும் அதனடியில் எழுதுவதென்று இருக்கிறோம். பிறர் சொல்ல நினைத்ததைப் பிழையின்றி எழுதிக் கொடுத்ததைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. இரண்டு மொழிகளுக்கு நடுவே நின்று, வழி விடுங்கள், கொஞ்சம் வெளிச்சம் கடன் கொடுங்கள் என்று கேட்டவர்களின் வரிசையில் அவர் முன்னால் நிற்கிறார். அந்த வெளிச்சத்தில்தான் நாம் இன்று இதைப் படிக்கிறோம்.